பித்தவழியின் சிறு வாசல்



செங்கமாரி கண்டவரின் கண்கள் மஞ்சளிப்பதை நம் முன்னோர் நன்கறிவர். ஆனால், ஈரலிலிருந்து வரும் பித்தம் குடலினுட் புகும் வாசலின் இயல்பை உலகம் மெல்ல மெல்லவே அறிந்தது. பித்தக்கானும் சதையிக்கானும் கூடும் இடத்தை 1720இல் ஜேர்மானிய அறிஞர் ஏபிரகாம் வாற்றர் விவரித்தார். அவ்வாசலைக் காக்கும் தசைவளையத்தை 1887இல் விளக்கியவர், அப்போது மருத்துவ மாணவராயிருந்த இத்தாலியர் ருக்கேரோ ஒட்டி.

அதன் பின்னரும் நெடுங்காலம், கானில் அடைத்த கல்லை எடுக்க வயிற்றைக் கீறுவதே வழியாயிருந்தது. 1968இல் அமெரிக்க வைத்தியர் வில்லியம் மக்கியூனும் துணைவரும் வாய்வழியே உள்நோக்குக் கருவியைச் செலுத்தி, அவ்வாசலில் நுண்குழாய் புகுத்திக் கதிர்ப்படம் எடுத்தனர். 1974இல் ஜேர்மனியில் கிளாசன், டெம்லிங் என்போரும், யப்பானில் கவாய் குழுவினரும், அத்தசைவளையத்தை உள்ளிருந்தே மின்கம்பியாற் கீறும் முறையை வெளியிட்டனர். கத்திபடாத வயிற்றோடு நோயாளர் வீடு திரும்பலாயினர்.

எனினும், வாசல் சிறிது. அதன் அயலில் இருப்பதோ சதையி. அது சீண்டப்படின் அழற்சியுற்று, தன் சமிபாட்டு நீராலேயே தான் அரிக்கப்படும். குருதிப்பெருக்கு, பித்தக்கானிற் கிருமித்தொற்று, குடலிற் துளை என்பன ஏனைய இடர்கள். 1996இல் பிறீமன் குழுவினர், தசைவளையம் கீறப்பெற்ற 2,347 பேரை ஆராய்ந்தனர். நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேருக்கு இடர் நேர்ந்திருந்தது. சதையி அழற்சி மட்டும் நூற்றுக்கு 5.4. கல்லின்றி, தசைவளையக் கோளாறு என்ற ஐயத்தின்பேரில் கீறப்பெற்றவர்க்கே இடர் மிகுந்திருந்தது. தேவை குறைந்தவிடத்தே தீங்கு கூடிற்று!

இவ்வுண்மை வைத்தியவுலகைத் திருத்திற்று. வெறுமனே பார்த்தறிவதற்குக் காந்தப் படமுறை வந்தது. உள்நோக்குக் கருவி பெரிதும் சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டது. 2012இல் வெளிவந்த ஆய்வில், இடர் மிகுந்த 602 பேருள், குதவழியே இந்தோமெதசின் பெற்றவரிடம் சதையி அழற்சி நூற்றுக்கு 9.2 ஆகவும், பெறாதவரிடம் 16.9 ஆகவும் இருந்தது.

முள்ளியவளை போன்ற ஊர்களிலிருந்து தொலைநகர் சென்று இச்சிகிச்சை பெற்று மீள்வோர் மனத்திருத்த வேண்டியது ஒன்றுண்டு. முதுகிற் பாயும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, குளிர்காய்ச்சல், கருநிற மலம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், கசாயங் குடித்து விடியும்வரை காத்திராது, அண்மை வைத்தியசாலைக்கு உடனே சென்று, செய்த சிகிச்சையைச் சொல்லுதல் வேண்டும். காலத்தே சொல்லும் ஒரு சொல் உயிரைக் காக்கும்.