தட்டிப் பார்த்த விரல்

சென்னிமலைத் தறிக்காரர் பாவு பூட்டியதும் நெய்ய உட்கார்ந்துவிடுவதில்லை. இழைகளின் மேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். எங்கே தொய்வு, எங்கே விறைப்பு என்று கைக்குத் தெரிந்துவிடும். கண்ணுக்கு அகப்படாததும் கைக்கு அகப்படும்.

வைத்தியத்தில் இந்த உண்மையைக் கண்டவர் ஒருவரின் கதை விசித்திரமானது. லியோபோல்ட் ஆவன்பிருக்கர் 1722-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஒரு விடுதிக்காரருக்குப் பிறந்தவர். பீப்பாயைத் தட்டி, மது எவ்வளவு மீதம் என்று அறிவது விடுதிக்காரர்களின் வழக்கம். காலி இடம் கணீரென்னும். நிறைந்த இடம் மந்தமாகப் பேசும். மார்புக்கூடும் ஒரு பீப்பாய்தானே! வியன்னா ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மார்பை விரலால் தட்டித் தட்டி, நீர் கோத்த இடத்தைக் கண்டுபிடித்தார். அதை 1761-இல் லத்தீனில் ஒரு சிறு நூலாக எழுதினார்.

பெரும்பாலோர் அதைச் சட்டை செய்யவில்லை. நாற்பத்தேழு வருஷம் கழித்து, 1808-இல், நெப்போலியனின் வைத்தியரான கோர்விசார் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அடுத்த வருஷமே ஆவன்பிருக்கர் காலமானார். கோர்விசாரின் மாணவர் லயனெக்தான் 1816-இல் காகிதத்தைச் சுருட்டி மார்பில் வைத்துக் கேட்டவர். ஸ்டெதாஸ்கோப் அப்படிப் பிறந்தது.

நமக்கு இது புதிதா? சித்த வைத்தியரின் எண்வகைத் தேர்வில் நாடியோடு ஸ்பரிசமும் தனியே ஒன்று. சென்னிமலையில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் கந்த சஷ்டி கவசம், உடம்பை அங்கம் அங்கமாக நினைத்துக் காவல் கேட்கிறது. நல்ல வைத்தியரின் கையும் அப்படித்தான் ஓர் அங்கத்தையும் விடாமல் போகும்.

யந்திரத்தை நான் பழிக்கவில்லை. பக்கத்துப் பெருந்துறையில் காசநோய் சானடோரியம் இருந்தது. அந்த நோயின் ஆரம்பப் புள்ளியை விரல் தவறவிடும், எக்ஸ்ரே காட்டிவிடும். ஆனால் எந்த இடத்தைப் படம் எடுப்பது என்று சொல்ல விரல்தான் வேண்டும். "எங்கே வலிக்குது? இங்கேயா?" என்று அமுக்கிப் பார்த்தால், "அங்கேதானுங்க!" என்று நோயாளி துள்ளுவார். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். தொடாமலே வயிறு, தலை, மார்பு என்று வரிசையாக ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், தறிக்காரரின் பல நாள் கூலி போய்விடும்.

ஆகையால், சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்குமுன், "ஒருதரம் தொட்டுப் பாருங்க, டாக்டர்" என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.