அரிக்கமேடு: இத்தாலியத் தட்டுகள் வந்திறங்கிய கரை

மஞ்சக்குட்டையிலிருந்து மலையிறங்கினால் சேலம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக அரை நாளில் புதுச்சேரி. கடல் பார்க்க ஆசைப்படும் நம் குடும்பங்கள் அங்கேதான் போகின்றன. கடற்கரைச் சாலையில் நடந்து, பிரெஞ்சுத் தெருக்களில் படம் எடுத்து, பீட்சா சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறோம். ஆனால் அந்தக் கரைக்கு இத்தாலியோடு உள்ள உறவு இரண்டாயிரம் ஆண்டுப் பழையது. அதைப் பார்க்க நகரத்திலிருந்து தெற்கே நாலு கிலோமீட்டர் போனால் போதும்.

அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அரிக்கமேடு. கிரேக்கர்களின் பழைய கடல்வழிக் குறிப்பில் வரும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1944இல் சென்னை அருங்காட்சியகத்தில் இவ்வூர் ஓடுகளைக் கண்ட தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், அவை இத்தாலியில் செய்தவை என்று அடையாளம் கண்டார். மறு ஆண்டே இங்கு அகழாய்வு நடத்தினார்.

கிடைத்தவற்றில் பெரும்பகுதி சாப்பாட்டோடு தொடர்புடையது. இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரில் செய்த பளபளப்பான சிவப்புத் தட்டுகள். சிலவற்றில் குயவர் முத்திரையும் உண்டு. இருபுறமும் கைப்பிடி வைத்த ஆம்போரா ஜாடிகளில் திராட்சை மதுவும், ஆலிவ் எண்ணெயும், கரும் என்ற மீன் குழம்பும் வந்தன. கரும் என்பது மீனை உப்பிட்டு வெயிலில் புளிக்க வைத்து எடுக்கும் சாறு. கருவாடு தெரிந்த நமக்கு அது ஒன்றும் அந்நியமாக இராது. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறும் பேசுகிறது.

இங்கிருந்து மணிகளும் துணிகளும் போயின. இந்தியாவிலிருந்து ரோமர்கள் அதிகம் வாங்கியது மிளகு. அது பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறியது. இன்று நம் எஸ்டேட்டுகளில் சில்வர் ஓக் மரங்களில் படர்கிறதே, அதே மிளகு. செங்கடல், நைல் நதி, அலெக்சாந்திரியா வழியாக நேபிள்ஸ் அருகிலுள்ள பொசுவோலி என்ற கடற்கரை ஊருக்கு இந்தியச் சரக்கு போய்ச் சேர்ந்தது. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை இழுத்துக்கொள்கிறது என்று ரோம எழுத்தாளர் பிளினி குறைபட்டுக்கொண்டார்.

அப்படியானால் அரிக்கமேடு ரோமர் ஊரா? நெடுநாள் அப்படித்தான் பேசப்பட்டது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வு இதைத் திருத்தியது. ரோமச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது. அந்த வணிகம் தளர்ந்த பிறகும் இருந்தது. வெளிநாட்டுப் பொருள் என்று கருதப்பட்ட ஒருவகை வளைய வரித் தட்டுகளும் இந்தியாவிலேயே செய்தவை என்று தெளிவாயிற்று. வந்தவர்கள் விருந்தாளிகள், வீடு நம்முடையது.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே நிற்கும் செங்கல் சுவர்கள் ரோமர் காலத்தவை அல்ல. 18ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ மிஷன் இல்லத்தின் மிச்சம். பழைய சுவர்கள் மண்ணுக்குள் இருக்கின்றன. எனவே முதலில் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் ஜாடிகளையும் மணிகளையும் பார்த்துவிட்டு மேட்டுக்குப் போனால் பிள்ளைகளுக்குப் புரியும். பிறகு பக்கத்திலுள்ள வீராம்பட்டினம் கடற்கரை. மீனவர் ஊர், மீனுக்குக் குறைவில்லை.

மேட்டில் மணியோ ஓடோ கண்ணில் பட்டால் எடுக்க வேண்டாம். ஆறு ஏற்கெனவே கரையை அரித்துத் தன் பங்கை எடுத்திருக்கிறது. மிஞ்சியிருப்பது இடம் மாறினால், அது எந்தக் காலத்தது என்று சொல்ல யாராலும் முடியாது.