தோற்றவருக்கும் ஒரு சனிக்கிழமை

எமது விளையாட்டு வரலாறு என்று எழுதப்பட்டவற்றை எடுத்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் கேடயங்களின் வரலாறாகவே இருக்கும். யார் வென்றது, எந்த ஆண்டு, கிண்ணத்தை வழங்கிய பிரமுகர் யார். மலர்களில் வரும் படங்களும் அப்படித்தான். தோற்ற அணியை நிறுத்திவைத்துப் படம் பிடித்தவர் இல்லை. ஆனால் மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் வார இறுதி லீக்குகளில் உதைபந்தாடிய நாங்கள் வென்ற நாட்களைவிடத் தோற்ற நாட்களையே அதிகம் கண்டோம். அந்தத் தோல்விகளைப் பற்றியும் யாராவது எழுதத்தான் வேண்டும். ஏனெனில் லீக் என்ற முறையே தோற்றவர்களை முன்னிட்டு ஏற்பட்டது.

இங்கிலாந்தில் 1871 இல் தொடங்கிய எஃப். ஏ. கிண்ணம் நொக்கவுட் முறையில் நடந்தது. தோற்ற கழகம் வெளியே. பிறகு அதற்கு மிஞ்சுவது சிநேகபூர்வ ஆட்டங்கள். அவையும் எதிரணிக்குக் கிண்ண ஆட்டம் வந்துவிட்டால் கடைசி நேரத்தில் இல்லாமற் போகும். பர்மிங்காமில் துணிக்கடை வைத்திருந்த ஸ்கொட்லாந்துக்காரர் வில்லியம் மக்கிரெகர், அஸ்டன் வில்லா கழகத்தின் நிர்வாகிகளில் ஒருவர். 1888 மார்ச் 2 ஆம் திகதி அவர் சில கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். முன்கூட்டியே குறித்த நாட்களில், ஒவ்வொரு கழகமும் மற்ற எல்லாக் கழகங்களோடும் ஆடுவது என்பதே யோசனை. ஏப்ரல் 17 இல் மன்செஸ்டரில் 12 கழகங்களோடு லீக் உருவானது. முதற் பருவத்தில் பிரெஸ்டன் தன் 22 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை என்பதை எல்லாரும் எழுதுகிறார்கள். கடைசியில் வந்த ஸ்டோக் 14 ஆட்டங்களில் தோற்றது. ஆனாலும் அதுவும் 22 ஆட்டங்களையும் ஆடி முடித்தது. அடுத்த பருவத்துக்கும் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

சனிக்கிழமை என்ற நாளும் சும்மா வரவில்லை. 1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களினதும் இளையோரினதும் வேலையைச் சனி பிற்பகல் இரண்டு மணியோடு நிறுத்தியது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்பதால் ஆண்களுக்கும் அந்த அரை நாள் கிடைத்தது. அந்த அரை நாளில்தான் உதைபந்தாட்டம் வளர்ந்தது.

லீக் என்ற சொல் ஊரிலும் எங்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாண உதைபந்தாட்ட லீக் இருந்தது. குருநகர், நாவாந்துறை, பாசையூர் என்று பந்தோடு பிறந்த கரையோர ஊர்கள் இருந்தன. என்றாலும் மனதில் நின்றவை நொக்கவுட் சுற்றுப்போட்டிகளே. தோற்ற ஊர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு போகும். பிறகு காலமும் அவ்வாறே ஆனது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. அதன்பின் பலருக்கு அடுத்த ஆட்டம் வரவில்லை. துரையப்பா விளையாட்டரங்கைத் திருத்த 1999 இல் மண்ணை வெட்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அரங்கு புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது 2016 ஜூனில்.

1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்ததை உலகம் பார்த்தது. அவர்களில் பலர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தார்கள். அதே ஆண்டில் சென்ட் லோரன்டில் கோட் வேர்ட்டு மெற்றோ நிலையம் திறந்தது. மெற்றோவில் ஏறினால் வேலைக்குப் போகலாம் என்பதால் எம்மவர்கள் அந்தப் பக்கம் அறை எடுத்தார்கள். வேலை உணவகச் சமையலறையில் அல்லது தையல் ஆலையில். உணவகத்துக்குச் சனியும் ஞாயிறும்தான் உழைப்பு நாள். மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த அரை நாள் கோப்பை கழுவிய எங்கள் பெடியளுக்குக் கிடைக்கவில்லை. ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடங்காது என்பது உதைபந்தாட்ட விதி. எட்டாவது ஆளுக்காகப் பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் எத்தனையோ. எதிரே லெபனான்காரரோ மொரோக்கோக்காரரோ பதினொரு பேரும் மாற்று ஆட்களுமாய் நிற்பார்கள். எங்கள் தோல்விகளில் பாதி காலால் வந்ததல்ல, வேலை அட்டவணையால் வந்தது. மத்தியஸ்தர் பிரெஞ்சில் விளக்குவார், எங்களுக்கு விளங்காது. 1977 இன் 101 ஆம் சட்டத்தால் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போன எங்கள் பிள்ளைகள் பிறகு கோட்டோரம் நின்று மொழிபெயர்த்தார்கள்.

அப்படியும் ஏன் போனோம்? அந்நாட்களில் எங்கள் கையில் இரண்டு திகதிகள்தான் இருந்தன. ஒன்று லீக் அட்டவணை. மற்றது அகதி விசாரணை. 1985 ஏப்ரல் 4 இல் சிங் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பினால்தான் அகதி கோருபவர் நேரில் பேசும் உரிமை பெற்றார். 1989 ஜனவரியில் குடிவரவு அகதிகள் சபை தொடங்கியது. ஆனால் அங்கே தோற்றவருக்கு வழக்கின் உண்மையை மறுபடி ஆராயும் மேன்முறையீடு இல்லை. சமஷ்டி நீதிமன்றம் அனுமதித்தால் மட்டும் சட்டப் பிழையைப் பார்க்கும். மேன்முறையீட்டுப் பிரிவு 2001 இன் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தும் அது இயங்கத் தொடங்கியது 2012 டிசம்பர் 15 இல்தான். அதுவரை எங்கள் விசாரணை நொக்கவுட். ஆறு கோல் வாங்கிய அணிக்கும் அடுத்த சனிக்கிழமை என்று அச்சடித்துக் கொடுத்தது லீக் மட்டுமே. வெள்ளிக்கிழமை மறுப்புக் கடிதம் கிடைத்தவனும் சனிக்கிழமை காலுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றது அதற்காகத்தான்.

இதே சென்ட் லோரன்டின் கழகம் 2023 இல் கியூபெக்கின் லீக் 1 ஐ வென்று, 2024 கனடியக் கிண்ணப் போட்டிக்குப் போனது. தொழில்முறைக் கழகமான ஹலிபக்ஸ் வொண்டரேர்ஸைத் தண்டனை உதைகளில் வெளியேற்றியது. அடுத்து ரொறன்ரோ எஃப். சி. யிடம் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 14-1 என்று தோற்றது. கிண்ணத்தில் அதோடு கதை முடிந்தது. லீக்கில் அந்தப் பருவம் தொடர்ந்தது. அதில் எம்மவர் ஆடினார்களா என்பது இங்கே பெரிதல்ல. அந்தக் கழகமும் எங்களைக் காத்த அதே ஏற்பாட்டில்தான் நின்றது.

எங்கள் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் கோடையில் ஒருநாள் சுற்றுப்போட்டி வைக்கின்றன. காலை பத்து மணிக்குத் தோற்ற பெடியள் பின்னேரம் வரை கொத்துரொட்டி தின்றுகொண்டு காரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு ஆட்டம் வைப்பதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. மைதானத்தை ஒரு மணி நேரம் கூட எடுத்தால் போதும்.