கூட்டணி இருந்தது, சபை இல்லை: நெல்லைப் பாளையங்களும் அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்களும்

1781 அக்டோபர் 19 அன்று வர்ஜீனியாவின் யார்க்டவுனில் ஆங்கிலேயப் படை சரணடைந்தது. தோற்ற தளபதி காரன்வாலிஸ். பதினோரு ஆண்டுகளுக்குள் அவரே கவர்னர் ஜெனரலாக இருக்க, 1792 ஜூலை 12 அன்று கிழக்கிந்தியக் கம்பெனி ஆற்காட்டு நவாபு முகமது அலியுடன் கர்நாடக உடன்படிக்கையை முடித்தது. நெல்லைச் சீமையின் பாளையக்காரர்களிடம் நேராகக் கப்பம் வசூலிக்கும் உரிமை அந்த உடன்படிக்கையால் கம்பெனிக்கு வந்தது. நவாபின் பெயரில் வசூல், நவாபின் கணக்கில் வரவு. கேட்டு வாங்கும் கை மட்டும் கம்பெனியுடையது. வரியில் தொடங்கிய சண்டையில் அமெரிக்காவை இழந்தவரின் ஆட்சியில்தான் பாஞ்சாலங்குறிச்சியின் கப்பப் பாக்கி கம்பெனியின் ஏட்டில் ஏறத் தொடங்கியது.

இரு கரைகளையும் இணைக்கும் நூல் காரன்வாலிஸ் மட்டுமல்ல. 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 தேயிலைப் பெட்டிகளும் இதே கம்பெனியின் சரக்கு. வங்கத்தை வறட்டிய பின் கடனில் மூழ்கிய கம்பெனியைக் கரையேற்றவே லண்டன் பாராளுமன்றம் தேயிலைச் சட்டம் போட்டது. ஒரே வணிக நிறுவனம், ஒரே தலைமுறை, ஒரே வகை வழக்கு. ஒரு பக்கம் 1789-இல் நாடு தழுவிய அரசு எழுந்து நின்றது. மறுபக்கம் 1801-இல் கோட்டைகள் தரைமட்டமாயின. ஏன்?

பீரங்கிக்கு முன் வேலும் வளரியும் நிற்காது என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் விடை. எட்டயபுரத்தாரும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் காட்டிக்கொடுத்தனர் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அமெரிக்காவிலும் அரசர் பக்கம் நின்றவர்கள் ஏராளம்; வாஷிங்டனின் படையும் பல ஆண்டுகள் தோற்றும் பின்வாங்கியும்தான் பிழைத்தது. நெல்லையில் வீரமும் கூட்டணியும் இருந்தன, வரி கொடுப்பவர் உட்கார்ந்து பேசும் சபைதான் இல்லை என்பது என் கருத்து. அதைக் காட்ட ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

பாபநாசத்தில் மலையிறங்கி அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகக் கடல் சேரும் தாமிரபரணியின் கரைகள் நஞ்சை. நெல்லும் கோயில் நிலமும் பிரமதேயங்களும் வெள்ளாள மிராசுகளும் நிறைந்த வெளி அது. பாளையங்கள் இந்த நஞ்சைக்குள் இல்லை. அதைச் சுற்றி இருந்தன. மேற்கே மலையடிவாரத்தில் நெற்கட்டும்செவல், சிவகிரி, ஊத்துமலை போன்ற மறவர் பாளையங்கள். வடகிழக்கே கரிசலில் பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், நாகலாபுரம் போன்ற நாயக்கர் பாளையங்கள். மதுரையில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாதரும் வகுத்ததாகச் சொல்லப்படும் 72 பாளையங்களின் தெற்கு வரிசை இது. நஞ்சை ஊர்கள் சர்க்காருக்கு வரி கட்டின. அதற்கு மேல், களவிலிருந்து காப்பதற்காகத் தலக்காவல், தேசக்காவல் என்று பாளையக்காரருக்கும் பங்கு அளந்தன. நாயக்கர் அரசு 1736-இல் சரிந்த பின் காவல் கூலி கேட்கும் கைகள் பெருகின. உழவனுக்கு நவாபின் குத்தகைதாரரும் பாளையக்காரரும் ஒரே களத்துமேட்டில் நெல் கேட்க வந்தவர்கள். பின்னால் நடந்த போர்கள் எல்லாம் இந்தக் களத்துமேட்டைச் சுற்றியவை. அங்கே நெல் அளந்தவன் எந்தப் பேச்சுவார்த்தையிலும் இல்லை.

1755-இல் கம்பெனியின் கர்னல் ஹெரான், நவாபின் அண்ணன் மாபூஸ்கான், கம்பெனியின் சிப்பாய்த் தளபதி யூசுப்கான் ஆகியோருடன் தெற்கே இறங்கினார். நெற்கட்டும்செவல் கோட்டையின் முன் நின்று கப்பம் கேட்டார். அதன் பாளையக்காரர் பூலித்தேவர் கொடுக்கவில்லை, கோட்டையை உடைக்கும் வலு இல்லாமல் ஹெரான் திரும்பினார். அதன்பின் பூலித்தேவர் செய்ததுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். மேற்குப் பாளையங்களை ஓரணியாகச் சேர்த்தார். திருவிதாங்கூரின் துணையைத் தேடினார். நவாபின் மேல் கசப்புற்ற முகமதியத் தளபதிகளையும், பிற்பாடு மாபூஸ்கானையே கூடத் தன் பக்கம் கொண்டுவந்தார். கிழக்குப் பாளையங்களையும் அழைத்தார். அவை பெரும்பாலும் வரவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 1754-இல், நியூயார்க்கின் ஆல்பனியில் பெஞ்சமின் பிராங்க்ளின் குடியேற்றங்களை ஒன்றிணைக்கும் திட்டம் ஒன்றை முன்வைத்திருந்தார். அதுவும் தோற்றது, அதை ஒரு குடியேற்றம்கூட ஏற்கவில்லை. ஆனால் தோற்ற விதம் வேறு. குடியேற்றங்களின் சட்டசபைகள் கூடிப் பேசி மறுத்தன. தங்கள் மீது வரி போடும் அதிகாரத்தைத் தங்களுக்கு மேலான ஒரு பொதுச் சபைக்குக் கொடுக்க அவற்றுக்கு மனமில்லை. நெல்லையில் மறுத்தவர்கள் தலைவர்கள். காரணங்கள் மறவர், நாயக்கர் பகைமையும் எல்லைத் தகராறும். ஒரு சபை மறுத்ததை அடுத்த சபை ஏற்கலாம். ஒரு தலைவன் மறுத்ததை அவன் மகனும் பகையாகவே சுமப்பான். யூசுப்கான் 1761-இல் நெற்கட்டும்செவலையும் வாசுதேவநல்லூரையும் பிடித்தபோது பூலித்தேவரோடு அவர் கட்டிய அணியும் கலைந்தது.

யூசுப்கானும் பின்னர் எசமானர்களுக்கு எதிராகத் திரும்பினார். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. 1764 அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். ஒரு தனிமனிதன் அமைத்த அரசு அவனோடு முடிந்தது.

அமெரிக்கப் போர் நேராகவே தாமிரபரணிச் சீமைக்கு வந்த ஒரு தருணம் உண்டு. அமெரிக்கரோடு டச்சுக்காரர் செய்த வணிகத்தைக் காரணம் காட்டி 1780 டிசம்பரில் பிரிட்டன் அவர்கள் மேல் போர் தொடுத்தது. டச்சுக்காரர் கையில் கொழும்பும் தூத்துக்குடியும் இருந்தன. 1783 ஆகஸ்டில் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிக் கைப்பற்றியபோது, கொழும்பு டச்சு அரசோடு பாளையக்காரர் செய்த ஒப்பந்தத்தின் மூலப்படி கோட்டைக்குள் கிடைத்தது. பிரான்சோடு அமெரிக்கர் 1778-இல் உறவு செய்ததற்கு நிகரான செயல் இது. கரிசல் காட்டுக்குள் ஒரு பாளையக்காரர் உலக அரசியலின் காற்றை அறிந்து கடல் கடந்து கைகோத்திருக்கிறார். அடுத்த மாதம் பாரிஸ் உடன்படிக்கையில் அமெரிக்க விடுதலையைப் பிரிட்டன் ஏற்றது. பாஞ்சாலங்குறிச்சிக்கு அந்த அமைதியில் பங்கில்லை. 1796-க்குள் தூத்துக்குடியும் இலங்கைக் கரையும் ஆங்கிலேயர் வசமாகி, வெளியுதவி வரும் கடல்வழியும் அடைபட்டது.

பதின்மூன்று குடியேற்றங்கள் ஒரே மூச்சில் அரசாகிவிடவில்லை. 1765-இல் முத்திரை வரியை எதிர்த்து நியூயார்க்கில் ஒன்பது குடியேற்றங்களின் பேராளர்கள் கூடினர். 1772-லிருந்து ஊருக்கு ஊர் கடிதக் குழுக்கள் அமைந்தன. 1774-இல் பிலடெல்பியாவில் பன்னிரண்டு குடியேற்றங்கள் கூடின, ஜார்ஜியா வரவில்லை. 1776 ஜூலை 4 விடுதலை அறிக்கைக்குப் பிறகும் பொது அரசு நோஞ்சானாகவே இருந்தது. 1781 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி உடன்பாட்டின்படி பொதுச் சபைக்கு வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் கேட்டு வாங்க வேண்டும், கொடுத்தால் உண்டு. படைவீரனுக்குச் சம்பளம் இல்லை. 1786-இல் மாசசூசெட்ஸில் கடனாளி உழவர்கள் ஆயுதம் ஏந்தினர். அதன் பிறகே 1787 கோடையில் 55 பேர் பிலடெல்பியாவில் கூடினர். 39 பேர் கையொப்பமிட்ட அரசமைப்பு 1788 ஜூனில் ஒன்பதாவது மாநிலத்தின் ஏற்பைப் பெற்றது. அடிமைகளும் பூர்வகுடிகளும் பெண்களும் அந்த ஒப்புதலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அந்தக் கொடுமையை மறைத்து அமெரிக்கக் கதையைச் சொல்வது வரலாறாகாது. ஆனாலும் வரி கொடுப்பவன் தன் பேராளனை அனுப்பிப் பேசவைக்கும் பழக்கம் அங்கே ஒன்றரை நூற்றாண்டு ஊறியிருந்தது. தோற்ற சபைகளின் மேலேதான் வென்ற சபை எழுந்தது.

சபை என்பது நம் ஆற்றங்கரைக்கு அந்நியமன்று. திருநெல்வேலிக்கு வடக்கே உள்ள மானூரில் கி.பி. 800 அளவில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், மகாசபையின் விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். எந்தப் பங்குக்கு யார் உறுப்பினர், எவ்வளவு கற்றிருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. வரும் காரியத்துக்கெல்லாம் மறுப்பே சொல்லி முடக்குபவருக்கு ஐந்து காசு தண்டம் என்றும் உண்டு. புகழ்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு நூறாண்டுக்கு மேல் மூத்தது இது. நிலமுள்ள அந்தணருக்கு மட்டும் உரிய சபைதான்; அதன் குறுகலை நான் மறுக்கவில்லை. ஆனால் கூடிப் பேசி முடிவெடுப்பதற்கு விதி வேண்டும் என்று எழுதிவைத்த மண்ணில், ஆயிரம் ஆண்டு கழித்துப் பேரரசை எதிர்த்தவர்களுக்கு அப்படியொரு விதியின் துணை கிடைக்கவில்லை என்பது ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி.

1790-இல் பாஞ்சாலங்குறிச்சியில் பட்டமேறிய வீரபாண்டிய கட்டபொம்மன் முதலில் வாளை எடுக்கவில்லை, முறையிட்டார். 1798-இல் கலெக்டர் ஜாக்சன் கப்பப் பாக்கிக்காக அவரை அழைத்துவிட்டு ஊர் ஊராக அலையவைத்தார். கடைசியில் செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நிற்கவைத்தே விசாரித்தார். அங்கே எழுந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார்; கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். கட்டபொம்மன் சென்னைக்கு மனு அனுப்பினார், விசாரணைக் குழு முன் வந்து நின்றார். குழு அவர் பக்க நியாயத்தை ஏற்றது. ஜாக்சன் பதவி இழந்தார். 1775-இல் அமெரிக்கர் அரசருக்கு அனுப்பிய சமாதான மனுவை ஜார்ஜ் மன்னர் ஏற்க மறுத்தார். இங்கே மனு வென்றும் பயனில்லை. கப்பம் எவ்வளவு, யார் கேட்பில் என்பதில் பேச்சுக்கு இடமிருக்கவில்லை; கலெக்டர் மட்டும் மாறி லஷிங்டன் வந்தார்.

அதன் பிறகு நாகலாபுரம், கோலார்பட்டி முதலிய கரிசல் பாளையங்கள் கட்டபொம்மனோடு சேர்ந்தன. 1799 மே மாதம் திப்பு வீழ்ந்ததும் கம்பெனிப் படைக்குத் தெற்கே திரும்பக் கை ஒழிந்தது. செப்டம்பர் 5 அன்று கம்பெனித் தளபதி பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில், கூட்டிவைத்த பாளையக்காரர்களின் கண்முன்னே, கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாளையக்காரர் அத்தனை பேரும் ஓரிடத்தில் ஒன்றாய் நின்ற கூட்டத்தைக் கம்பெனிதான் கூட்டியது. அது என்னை இன்றும் வருத்துகிறது.

1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் தோழர்களும் தப்பினர். இடித்த கோட்டை சில நாட்களில் மண்ணிலிருந்து எழுந்தது. ஆயிரக்கணக்கான கைகள் வராமல் அது நடந்திருக்காது. மார்ச் இறுதியில் கம்பெனித் தளபதி மெக்காலேயின் தாக்குதல் பெருத்த சேதத்தோடு முறிந்தது. மே 24 அன்று அக்னியூ பெரும்படையோடு வந்து கோட்டையைப் பிடித்தார். களத்தில் விழுந்து கிடந்த ஊமைத்துரையை ஊர்ப் பெண்கள் துணியால் மூடி, அம்மை கண்டு செத்தவன் என்று ஒப்பாரி வைத்து, தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடமிருந்து காத்ததை எதிரணியில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷே வியந்து எழுதினார். 1755-இல் பதிவாகாத மக்கள் இங்கே வரலாற்றுக்குள் வந்துவிட்டார்கள்.

ஊமைத்துரை சிவகங்கைக்குப் போய் அதை ஆண்ட மருது சகோதரர்களோடு சேர்ந்தார். திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சி கோபால நாயக்கரும், மலபாரில் பழசி கேரளவர்மாவும் முன்பே களத்தில் இருந்தவர்கள். வரலாற்றாசிரியர் கே. இராஜய்யன் இதைத் தென்னிந்தியப் புரட்சி என்று 1971-இல் விரிவாக எழுதிக் காட்டினார். 1801 ஜூன் 16 அன்று திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. அது ஒரு பாளையத்தையோ சாதியையோ விளிக்கவில்லை. ஜம்புத்தீவில் வாழும் எல்லா வருணத்தாரையும் முசல்மான்களையும் விளித்தது. ஐரோப்பியரின் சூழ்ச்சியையும் நவாபின் ஏமாளித்தனத்தையும் சொல்லி, கம்பெனிச் சம்பளம் வாங்கும் சுபேதார், ஹவில்தார், சிப்பாய் வரை அழைத்தது. தெற்கே அதுவரை யாரும் இவ்வளவு அகலமாக மக்களைப் பார்த்துப் பேசவில்லை.

பிலடெல்பியாவின் விடுதலை அறிக்கைக்கு நிகரானது என்று அதைச் சொல்ல ஆசை எழுகிறது. முழுதும் நிகரில்லை. மருதுவின் அறிக்கை பழைய அரசுரிமைகள் மீளும் என்றது. களத்துமேட்டில் இனி யார் எவ்வளவு அளப்பது, அதை யார் தீர்மானிப்பது என்று சொல்லவில்லை. அமெரிக்க அறிக்கையின் பின்னால் இரண்டாண்டாகக் கூடிவந்த சபை இருந்தது. மருதுவின் அறிக்கைக்குப் பின்னால் சில மாதப் போர்க்கூட்டு மட்டுமே. நஞ்சை ஊர்களின் மிராசுதாரரும் குடியானவரும் அணியாகத் திரண்டு சேராததற்கு அச்சம் மட்டும் காரணமல்ல. காவல் கூலி கேட்ட கையே விடுதலைக்கும் அழைத்தது.

இந்தப் பிளவைக் கம்பெனி நன்கு அறிந்தது. சிவகங்கைக்குப் படமாத்தூர் கௌரி வல்லபரை உரிமையாளர் என்று அறிவித்து அணியைப் பிரித்தது. ஜூலை 31 அன்று புதிய நவாபிடம் கர்நாடகத்தின் ஆட்சியையே எழுதி வாங்கியது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பரில் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலேயே கொல்லப்பட்டார். அடுத்த பிப்ரவரியில் 73 பேர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். பாஞ்சாலங்குறிச்சி நிலம் எட்டயபுரத்தார், மணியாச்சியார் முதலியோருக்குப் பங்கானது. 1803-இல் எஞ்சிய பாளையக்காரர்கள் நிலையான கப்பம் கட்டும் ஜமீன்தார்களானார்கள்.

நூறாண்டுக்குப் பின் பாஞ்சாலங்குறிச்சிக்கு அடுத்த ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை வேறு வகைக் கூட்டு ஒன்றைத் தொடங்கினார். 1906 அக்டோபரில் பதிவான சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. வணிகரும் வக்கீலும் பங்குதாரராய்க் கையொப்பமிட்டு உறுப்பினராகும் அமைப்பு, அதற்கென எழுதிய விதிகள், தேர்ந்தெடுத்த பொறுப்பாளர்கள். அவர் கைதானதற்கு மறுநாள், 1908 மார்ச் 13 அன்று, திருநெல்வேலித் தெருக்களில் எழுந்த கூட்டத்துக்குப் பாளையக்காரர் எவரும் தலைமை தாங்கவில்லை. கடைக்காரரும் மாணவரும் கூலியாட்களுமே அதில் இருந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். அரசு நகரில் தண்டனைக் காவற்படையை அமர்த்தி, அதன் செலவை ஊர் மக்களிடமே வரியாகப் பிரித்தது.