முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் தமிழ்

"என்ன தம்பி, நமக்குச் சாதகமாப் பேசுனாகளா, பாதகமாப் பேசுனாகளா?"

நான் வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிது. பாகப்பிரிவினை வழக்கு. ஒரே வீட்டுக்கு நான்கு புள்ளிகள் பங்கு கேட்டார்கள். முகப்பு யாருக்கு, இரண்டாங்கட்டு யாருக்கு என்று இரண்டு வக்கீல்களும் அரைமணி நேரம் இங்கிலீஷில் வாதாடினார்கள். அந்த வளவில் வாழ்க்கைப்பட்டு நாற்பது வருஷம் இருந்த ஆச்சிக்கு ஒரு சொல் விளங்கவில்லை. "வாய்தா போட்டிருக்காக ஆச்சி" என்று மட்டும் சொல்லி, கட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

தமிழின் முதல் நாவலை, 1879இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரத்தை, எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். என்னைப் போன்றவர்களுக்கு அவர் முதலில் கோர்ட்டு மனிதர். 1826இல் திருச்சிப் பக்கம் குளத்தூரில் பிறந்தவர். திருச்சிக் கோர்ட்டில் ஆவணக் காப்பாளர், மொழிபெயர்ப்பாளர் என்று படிப்படியாக ஏறி, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஊர்களில் முன்சீப்பாக இருந்தார். முன்சீப் என்றால் ஜனங்கள் முதலில் படியேறும் நீதிபதி. வரப்புத் தகராறும் கைமாற்றுக் கடனும் அவர் முன்னால்தான் வரும்.

அந்த நாற்காலியில் இருந்தவர் செய்த காரியத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 1805 முதல் 1861 வரை சதர் கோர்ட்டு சொன்ன தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி, 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்று அச்சிட்டார். அதே வருஷம்தான் சதர் கோர்ட்டு போய்ச் சென்னை ஹைகோர்ட் வந்தது. இங்கே எங்கள் சிவகங்கைச் சீமையில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1829இல் ஜமீன்தார் கௌரி வல்லபர் இறந்ததும் மூண்ட வாரிசு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1863இல்தான் காட்டம நாச்சியார் பக்கம் தீர்ந்தது. முப்பத்து நான்கு வருஷம்! சீமையே யாருக்கு என்ற கேள்விக்கு விடை, சீமையில் யாருக்கும் தெரியாத பாஷையில் கடல் தாண்டி வந்தது.

பிள்ளையவர்களின் நண்பர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவரிடம் பாடம் கேட்டவர் எங்கள் தேவகோட்டை வன்றொண்டச் செட்டியார். அதனாலோ என்னவோ, முன்சீப் எனக்கு உறவுக்காரர் போலத்தான் தோன்றுகிறார். தாது வருஷப் பஞ்சத்தில் அவர் கைப்பொருளை அள்ளிக் கொடுத்ததைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியே அவரைப் பாடினார்.

அவருடைய நாவலில் கதாநாயகி ஞானாம்பாள் ஆண்வேடத்தில் விக்கிரமபுரியை ஆள்வாள். தமிழ்க் கட்சிக்காரர் நிற்கும் கோர்ட்டில் வக்கீல்கள் இங்கிலீஷில் வாதிப்பதை அவள் கண்டிக்கும் இடத்தை எத்தனை முறை படித்திருப்பேனோ! கோர்ட்டுக்குள்ளேயே வாழ்ந்தவரின் கோபம் அது. கீழ்க்கோர்ட்டுகளில் தமிழ் நடப்பதற்காக 1976இல் சட்டம் திருத்தினார்கள். நாவல் வந்து தொண்ணூற்றேழு வருஷம் ஆகியிருந்தது.

ஞானாம்பாளின் அந்தக் கண்டனத்தைப் படித்த பிறகு, தீர்ப்பு நகல் கைக்கு வந்தால் கட்சிக்காரரை உட்காரவைத்துத் தமிழில் சொல்லாமல் அனுப்பியதில்லை. ஆச்சியின் வழக்கு முடிந்தபோதும் வராந்தாத் திண்ணையில் பத்தி பத்தியாகச் சொன்னேன். இரண்டாங்கட்டில் அவருக்குள்ள பங்கு என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதை மட்டும் இன்னொருக்காச் சொல்லு தம்பி."