தெருவுக்குக் கண் உண்டு

எட்டு அல்லது ஒன்பது வயதுச் சிறுமி. ஒரு கட்டடத்துச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, விறைத்துப்போய் நிற்கிறாள். ஓர் ஆள் அவளைத் தன்னோடு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கொஞ்சிப் பார்க்கிறார். பிறகு கண்டுகொள்ளாததுபோல் நிற்கிறார். திரும்பவும் கூப்பிடுகிறார். ம்ஹும். அவள் அசைவதாக இல்லை.

எதிர்ச்சாரி வீட்டு மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண்மணி இதைப் பார்க்கிறார். கீழே இறங்கிப்போய் என்ன, ஏது என்று கேட்கலாமா வேண்டாமா? யோசித்து முடிப்பதற்குள் தெருவே அந்த வேலையைச் செய்ய ஆரம்பித்துவிட்டது.

கறிக்கடை அம்மாள் வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பலசரக்குக் கடைக்காரர் தன் மருமகன்களோடு இன்னொரு பக்கம் வந்து நின்றார். மேல்மாடிகளில் ஒவ்வொரு ஜன்னலாகத் தலைகள் முளைத்தன. அதில் ஒரு தலை மறைந்து, அடுத்த நிமிஷம் அந்த ஆளின் முதுகுக்குப் பின்னாலிருந்த வாசலில் வந்து நின்றது. பக்கத்து மதுக்கடையிலிருந்து இரண்டு பேர். இந்தப் பக்கம் பூட்டுக்காரர், பழக்கடைக்காரர், லாண்டரிக்காரர். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு அந்தத் தெருவைத் தாண்ட யாராலும் முடியாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஆள் சிறுமியின் அப்பா!

சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். ஆனால் ஒரு நிமிஷம் உங்கள் தெருவை நினைத்துப் பாருங்கள். இதே காட்சி அங்கே நடந்தால் எத்தனை பேர் வெளியே வருவார்கள்?

இது நடந்தது நியூயார்க்கில். மன்ஹாட்டனின் கிரீன்விச் வில்லேஜ் பேட்டை, ஹட்சன் தெரு. பேரில் வில்லேஜ் இருக்கிறதே என்று கிராமம் என நினைத்துவிடாதீர்கள். நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் பழைய கட்டடங்கள். கீழே கடை, மேலே குடித்தனம். ஜன்னலில் நின்ற பெண்மணியின் பெயர் ஜேன் ஜேக்கப்ஸ். 1916-ல் பென்சில்வேனியா மாநிலத்து ஸ்க்ராண்டனில் பிறந்து, வேலை தேடி நியூயார்க் வந்தவர். கல்லூரிப் பட்டம் கிடையாது. பத்திரிகையில் எழுதிப் பிழைத்தவர். கணவர் கட்டடக் கலைஞர், மூன்று பிள்ளைகள். 1947-ல் ஹட்சன் தெருவில் 555-ம் எண் வீட்டை வாங்கிக் குடிவந்தார்கள். பழைய மிட்டாய்க்கடைக்கு மேலே இருந்த வீடு.

1947. இந்த வருஷத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அதே வருஷம், அதே நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டில், அமெரிக்கர்களின் வாழ்க்கையையே மாற்றப்போகிற இன்னொரு குடியேற்றம் தொடங்கியது.

இரண்டாம் உலகப்போர் முடிந்து லட்சக்கணக்கான சிப்பாய்கள் ஊர் திரும்பியிருந்தார்கள். கல்யாணம் ஆகிறது, குழந்தை பிறக்கிறது, குடியிருக்க வீடு இல்லை. மாமியார் வீட்டு ஒற்றை அறையிலும் தகரக் கொட்டகைகளிலும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இந்தச் சமயத்தில்தான் லெவிட் குடும்பம் களத்தில் இறங்கியது. அப்பா ஆபிரகாம். மகன்கள் வில்லியம், ஆல்ஃப்ரெட். உருளைக்கிழங்கு வயல்களை வாங்கினார்கள். கார் தொழிற்சாலையில் கார் நகரும், தொழிலாளி நிற்பார் இல்லையா? இங்கே தலைகீழ். வீடு நிற்கும், தொழிலாளி நகர்வார். ஒரு வீட்டைக் கட்டுவதை இருபத்திச் சொச்சம் வேலைகளாகப் பிரித்தார்கள். வெள்ளை பெயின்ட் அடிக்க ஒரு கோஷ்டி, சிவப்பு பெயின்ட் அடிக்க இன்னொரு கோஷ்டி. வேகம் பிடித்தபிறகு ஒரு நாளைக்கு முப்பது வீடுகளுக்குமேல் எழும்பின. 1951-ல் முடித்தபோது மொத்தம் 17,000-க்கும் அதிகமான வீடுகள். ஊருக்குப் பெயர் லெவிட்டவுன்.

முதலில் மாதம் 60 டாலர் வாடகைக்கு விட்டார்கள். பிறகு 7,990 டாலருக்கு விற்றார்கள். முன்னாள் சிப்பாய் என்றால் முன்பணமே வேண்டாம், அரசாங்கமே கடனுக்கு உத்தரவாதம். இரண்டு படுக்கையறை, நவீன சமையலறை, வாசலில் புல்வெளி. 1950 மாடலில் மாடிப்படிச் சுவருக்குள்ளேயே டெலிவிஷன் பெட்டியைப் பதித்துக் கொடுத்தார்கள்!

இதைக் கேலி செய்வது சுலபம். செய்யாதீர்கள். புழுக்கமான வாடகைப் பொந்தில், ஊருக்கே பொதுவான கழிப்பறையோடு வளர்ந்த ஒருவருக்குச் சொந்தமாக ஒரு வாசற்படி கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்! அந்தச் சந்தோஷம் நிஜம்.

ஆனால் சில சங்கதிகள் இருந்தன. வேலி போடக்கூடாது. வாராவாரம் புல் வெட்டவேண்டும். சனி, ஞாயிறில் வெளியே துணி காயப்போடக்கூடாது. இதையெல்லாம்கூட விடுங்கள். வெள்ளையர் அல்லாதவர் அந்த வீட்டில் குடியிருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. வேலைக்காரராக வந்தால் மட்டும் விதிவிலக்கு. போரில் பத்து லட்சத்துக்கும் அதிகமான கறுப்பின அமெரிக்கர்கள் பணியாற்றியிருந்தார்கள். அவர்களுக்கு அங்கே இடமில்லை. இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றம் அமல்படுத்தக்கூடாது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தத்திலிருந்து வரி போனது, வழக்கம் போகவில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். கடன் உத்தரவாதம் தந்த அதே அரசாங்கம், நகரத்தின் பழைய பேட்டைகளை வரைபடத்தில் ஆபத்தான பகுதி என்று குறித்தது. பல இன மக்கள் கலந்து வாழ்கிறார்களா? கடையும் வீடும் ஒன்றாக இருக்கிறதா? கடன் கிடையாது. ஆக, மக்கள் தாமாகவே நகரத்தை விட்டு ஓடினார்கள் என்று சொல்வது பாதிக்கதைதான். புறநகருக்குப் போகக் கடன் கிடைத்தது. இருக்கும் வீட்டின் கூரையைச் செப்பனிடக் கிடைக்கவில்லை. மீதிக்கதை இதுதான்.

சரி, புறநகரில் வீடு வாங்கியாயிற்று. வேலை நகரத்தில். போய்வர வழி?

இங்கேதான் ராபர்ட் மோசஸ் வருகிறார்.

ஒரு தேர்தலில்கூட ஜெயித்ததில்லை. ஆனால் ஒரே சமயத்தில் பன்னிரண்டு அரசுப் பதவிகள்வரை வைத்திருந்தவர். பாலம், பூங்கா, கடற்கரை, நெடுஞ்சாலை என்று நியூயார்க்கில் அவர் கைபடாத மூலை குறைவு. மேயர்கள் வந்தார்கள், போனார்கள். மோசஸ் இருந்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு சாலை போட்டவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை. பின்சீட்டில்தான் பயணம்.

அவருடைய பென்சில் கோடு எங்கே போகிறதோ, அங்கே வீடுகள் போகும். பிராங்க்ஸ் பகுதியில் ஈஸ்ட் ட்ரெமான்ட் என்றொரு பேட்டை. பெரும்பாலும் யூதத் தொழிலாளர் குடும்பங்கள். 1952 டிசம்பரில் 1,530 குடும்பங்களுக்குக் கடிதம் வந்தது. நெடுஞ்சாலை வருகிறது, தொண்ணூறு நாளில் காலி செய்யவேண்டும். சற்றுத் தள்ளி சாலையைத் திருப்பினால் ஆறே கட்டடங்கள்தான் இடிபடும் என்று கணக்குப் போட்டு நீட்டினார்கள். மோசஸ் அசையவில்லை. வெறும் ஒரு மைல் சாலைக்காக 159 கட்டடங்கள் தரைமட்டமாயின.

அடுத்த கோடு கிரீன்விச் வில்லேஜுக்குள் வந்தது.

வாஷிங்டன் சதுக்கப் பூங்கா. குழந்தைகள் விளையாடும், கிழவர்கள் சதுரங்கம் ஆடும் இடம். அதன் நடுவே சாலை போடவேண்டும் என்றார் மோசஸ். 1952-ல் ஷெர்லி ஹேய்ஸ் என்ற பெண்மணி எதிர்ப்பை ஆரம்பித்தார். ஜேன் பிறகு வந்து சேர்ந்துகொண்டவர்தான். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே கையெழுத்து வாங்கினார்கள். ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார்கூடத் துணைக்கு வந்தார். எதிர்ப்பதெல்லாம் அம்மாக்களின் கும்பல்தான், வேறு யாரும் இல்லை என்று மோசஸ் எரிந்து விழுந்ததாக ஜேன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்த அம்மாக்கள் ஜெயித்தார்கள். 1958 நவம்பரில் பூங்காவுக்குள் வாகனங்கள் வராதபடி வழியை அடைத்தார்கள். திறப்புவிழாவில் ரிப்பன் வெட்டுவார்கள். இது மூடுவிழா அல்லவா? ரிப்பனைக் கட்டினார்கள்! அதைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தைகளில் ஒருத்தி ஜேனின் மகள்.

1961-ல் ஜேனின் புத்தகம் வெளிவந்தது. அமெரிக்கப் பெருநகரங்களின் சாவையும் வாழ்வையும் பற்றியது. உள்ளே சூத்திரம், சமன்பாடு எதுவும் கிடையாது. ஜன்னலிலிருந்து பார்த்ததுதான். காலையில் கடை திறப்பவர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், மத்தியானம் சாப்பிட வருகிறவர்கள், ராத்திரி மதுக்கடையிலிருந்து திரும்பும் கப்பல்துறைத் தொழிலாளி. ஒரே தெரு, ஒவ்வொரு வேளைக்கும் ஒவ்வொரு கூட்டம். அதனால் தெரு எந்நேரமும் யாருடைய பார்வையிலாவது இருக்கிறது. போலீஸ்காரர் வருவதற்கு முன்பே தெருவைக் காப்பது இந்தக் கண்கள்தான் என்றார். நம் ஊரில் திண்ணை செய்த வேலையை அங்கே நடைபாதையும் கடை வாசலும் செய்தன.

அந்தப் பேட்டையில் ஒரு வழக்கம். வெளியூர் போகிறீர்கள், நண்பர் வந்து உங்கள் வீட்டில் தங்கவேண்டும் என்று வையுங்கள். சாவியைப் பலசரக்குக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். அவர் உங்கள் உறவினர் இல்லை. விருந்துக்கு வந்துபோகும் சிநேகிதரும் இல்லை. வந்தது யார், எத்தனை நாள் தங்கினார் என்று துருவமாட்டார். ஆனால் சாவி பத்திரமாக இருக்கும். அளவான இந்த நம்பிக்கையைத்தான் நகரத்தின் சொத்து என்றார் ஜேன். புறநகரில் இது ஏன் கஷ்டம்? ஒன்று, அக்கம்பக்கத்தாரை வீட்டுக்குள் அழைத்து நெருங்கிய சிநேகிதமாக்கிக்கொள்ள வேண்டும். அல்லது யாரோடும் ஒட்டாமல் இருக்கவேண்டும். நடுவில் நிற்க ஒரு கடை வாசல் இல்லை.

பதிப்பாளர் அந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்றை மோசஸுக்கு அனுப்பினார். மோசஸ் திட்டிக் கடிதம் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதே 1961-ல் நகர நிர்வாகம் ஜேன் குடியிருந்த பதினான்கு வட்டாரங்களையே பாழடைந்த பகுதி என்று இடிக்கப் பட்டியலிட்டது. இடிக்கப்போகும் வீட்டு ஜன்னலில் பெருக்கல் குறி போடுவது அங்கே வழக்கம். பேட்டைக்காரர்கள் கறுப்புக் கண்ணாடியில் வெள்ளை நாடாவால் பெருக்கல் குறி ஒட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனார்கள். கிண்டல் வேலை செய்தது. 1962-ல் திட்டம் கைவிடப்பட்டது.

கடைசிச் சண்டை, மன்ஹாட்டனின் கீழ்ப்பகுதியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகவிருந்த பத்துத்தட நெடுஞ்சாலை. சுமார் 2,000 குடும்பங்கள், 800 கடைகளும் பட்டறைகளும் காலியாகும். 1962-ல் நிராகரித்தார்கள். திரும்ப உயிர்பெற்றது. 1968 ஏப்ரலில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். ஜேன் கவனித்தார். ஒலிபெருக்கி அதிகாரிகளைப் பார்த்து இல்லை, மக்களைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. மக்கள் மக்களிடமே பேசிக்கொள்ளவேண்டும்! ஜேன் மேடையேறி நடந்தார். பின்னால் மற்றவர்கள். சுருக்கெழுத்து இயந்திரத்தின் காகிதச் சுருள் தரையில் சிதறியது. பதிவு இல்லையென்றால் கூட்டமே நடக்கவில்லை என்று அறிவித்தார். கைது செய்தார்கள். கலகம் செய்தார் என்று வழக்கு. 1969-ல் நெடுஞ்சாலைத் திட்டம் ஒரேயடியாகச் செத்தது. அதற்கு முன்பே, 1968-ல், மோசஸின் அதிகாரமும் பறிபோயிருந்தது.

இங்கே நிறுத்திவிட்டால் நல்ல சினிமா. ஆனால் சரித்திரத்தில் வணக்கம் போடும் வழக்கம் இல்லை.

நகரம் தொடர்ந்து வெளியேறிக்கொண்டுதான் இருந்தது. 1970-லிருந்து 1980-க்குள் நியூயார்க் எட்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களை இழந்தது. 1975-ல் நகராட்சி திவாலாகும் நிலைக்குப் போய்த் தப்பித்தது. பிறகு காற்று திரும்பியது. நெடுஞ்சாலையிலிருந்து பிழைத்த சோஹோ பட்டறைகளில் ஓவியர்கள் குடியேறினார்கள். அவர்கள் பின்னால் பணம் வந்தது. கிரீன்விச் வில்லேஜ் இன்றைக்கு நாட்டிலேயே விலை அதிகமான இடங்களில் ஒன்று. கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. கப்பல்துறைத் தொழிலாளியும் சாவி வைத்திருந்த கடைக்காரரும் அங்கே வாடகை கொடுத்து வாழமுடியாது. செங்கல்லைக் காப்பாற்றச் சட்டம் இருந்தது. அதற்குள் வாழ்ந்தவர்களைக் காப்பாற்ற இல்லை.

லெவிட்டவுன்? அது இன்னொரு வேடிக்கை. அச்சில் வார்த்ததுபோல் கட்டிய அந்த வீடுகளில் பழைய உருவத்தோடு இருப்பவை இப்போது மிகச்சொற்பம். ஒருவர் மாடி எழுப்பினார், ஒருவர் பக்கத்தில் அறை இழுத்தார், ஒருவர் தாழ்வாரம் போட்டார். போதுமான வருஷங்கள் கொடுத்தால் மனிதர்கள் எந்த இடத்தையும் தங்கள் ஊராக்கிக்கொள்வார்கள்.

ஜேன் கதையின் முடிவைச் சொல்லவேண்டும். வியட்நாம் போருக்குப் பிள்ளைகளை அனுப்ப மனமில்லாமல் 1968-லேயே குடும்பத்தோடு கனடாவின் டொராண்டோவுக்குப் போய்விட்டார். எந்தத் தெருவுக்காக அத்தனை சண்டை போட்டாரோ, அந்தத் தெருவை விட்டு! போன இடத்தில் சும்மா இருந்தாரா? அங்கேயும் பேட்டைக்குள் ஒரு நெடுஞ்சாலை வந்துகொண்டிருந்தது. எதிர்த்தவர்களோடு சேர்ந்துகொண்டார். 1971-ல் அதுவும் நின்றது. 2006-ல், தன் தொண்ணூறாவது வயதை எட்டச் சில நாள்கள் இருக்கும்போது, அதே ஊரில் இறந்துபோனார்.

ஊர்ப்பெருமை என்றால் நாம் கோபுரத்தையும் பாலத்தையும் காட்டுகிறோம். தப்பில்லை. ஆனால் ஹட்சன் தெருக்காரர்களின் பெருமை வேறு. முன்பின் தெரியாத ஒரு சிறுமிக்காகக் கடையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றார்கள் பாருங்கள், அது.

இன்று சாயங்காலம் உங்கள் வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். வெளியூர் போனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக உங்கள் தெருவில் ஒரு கடைக்காரர் இருக்கிறாரா? இருந்தால், உங்களுக்கும் ஊர் என்று ஒன்று இருக்கிறது.