நோக்கியாவும் உத்திரமேரூர்க் கல்வெட்டும்

உத்திரமேரூர் என்றதும் வரலாற்று ஆர்வலர்கள் நினைவில் முதலில் எழுவது குடவோலைதான். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, 30 குடும்புகளிலிருந்து வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகச் சொல்கின்றன. அது பிராமணர்களின் சபை. உழவரும் கைவினைஞரும் பெண்களும் அந்தக் குடத்துக்கு வெளியே நின்றவர்கள். இதை மறந்துவிட்டு அதைக் கொண்டாடுவதில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அதிலுள்ள ஒரு விதி நம்மை நெடுநாளாகச் சிந்திக்க வைத்திருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரும் மறுபடி ஓலையில் ஏறக் கூடாது என்பதே அவ்விதி.

கடையில் பொருள் வாங்குகிறவர்களும் ஒருவகையில் ஓலை இடுகிறவர்களே. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், உத்திரமேரூரைச் சூழ்ந்த ஏரிப்பாசன ஊர்களிலும் தமிழகமெங்கும் மக்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்த பெயர் நோக்கியா. அந்த நம்பிக்கை எப்படி உருவானது, எப்படிக் கரைந்தது என்பதைக் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பார்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. இங்கே அக்கருவியை வாங்கியவர்களும் செய்தவர்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

நோக்கியா 1865இல் பின்லாந்தில் மரக்கூழ் ஆலையாகத் தோன்றியது. நோக்கியா என்பது அங்குள்ள ஓர் ஊரின் பெயர். காகிதம், ரப்பர் காலணி, மின்கம்பிவடம் என்று பல தொழில்களில் கிளைத்த மூன்று நிறுவனங்கள் 1967இல் ஒன்றாயின. 1990களில் மற்றவற்றை உதறிவிட்டுத் தொலைத்தொடர்பில் முழுமூச்சாக இறங்கி, 1998இல் மோட்டோரோலாவை முந்தி உலகின் முதல் செல்பேசி நிறுவனமானது. ஒரு தொழில் சாயும்போது அதைத் துறந்து புதியதைக் கைக்கொள்ளும் துணிவே அதன் வரலாறாக இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

இந்தியச் சிற்றூர்களுக்குள் அது வந்த பருவமும் பொருத்தமானது. 2003 மே மாதம் முதல் உள்வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்றானது. அதுவரை வசதி படைத்தோரின் கையில் மட்டும் இருந்த செல்பேசி, கூலி வேலைக்குப் போகிறவருக்கும் எட்டும் பொருளாயிற்று. அதே ஆண்டில் வெளிவந்தது நோக்கியா 1100. அதன் தலையில் ஒரு டார்ச் விளக்கு. தூசி புகாதபடி ஒரே உறையாக மூடப்பட்ட விசைப்பலகை. வியர்த்த கையிலிருந்து நழுவாத பக்கங்கள். பல நாள் தாங்கும் மின்கலம்.

இவை விளம்பரத்துக்காகச் சேர்த்த அணிகலன்கள் அல்ல. பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் இரவில்தான் வரும் என்றால், நடுநிசியில் வரப்பில் நடந்து மோட்டார் போடப் போகிற உழவருக்கு அந்த விளக்கு எத்தகைய துணை என்பதைச் சொல்லத் தேவையில்லை. நெல் தூற்றும் களத்தின் தூசியிலும் செங்கல் சூளையின் புழுதியிலும் பழுதாகாத கருவி அது. உலகெங்கும் 25 கோடிக்கும் மேல் விற்ற அக்கருவியைச் செய்தவர்கள், எளிய மனிதரின் ஒரு நாளை உற்றுப் பார்த்திருந்தார்கள். வாடிக்கையாளரின் விசுவாசம் அந்தக் கவனத்துக்குக் கிடைத்த பரிசு.

2005 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 2006 தொடக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர்ச் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உற்பத்தி தொடங்கியது. ஃபாக்ஸ்கான், சால்காம்ப் முதலிய துணை நிறுவனங்களும் அவ்வளாகத்தில் வந்து சேர்ந்தன. உச்ச நிலையில் நோக்கியா ஆலையில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாகப் பணிபுரிந்தனர். அவர்களில் பெரும்பான்மையினர் பள்ளிப்படிப்பை முடித்த இளம் பெண்கள். மாவட்டத்தின் சிற்றூர்களிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் நிறுவனப் பேருந்துகள் அவர்களை ஏற்றிச் சென்றன. சீருடையும் அடையாள அட்டையும் அணிந்து இரவுப் பணிக்குச் செல்லும் பெண் என்பது பல ஊர்களுக்குப் புதிய காட்சி. தம்பியின் கல்லூரிக் கட்டணமும் தங்கையின் திருமணமும் அந்தச் சம்பளத்தில் நடந்தன. அப்பாவின் சட்டைப் பையில் இருந்ததும் அதே பெயர்தான்.

2007 இறுதியில் உலகச் சந்தையில் சுமார் 40 விழுக்காடு நோக்கியாவின் வசம். சரிவின் விதைகளும் அந்த ஆண்டிலேயே விழுந்தன. ஆகஸ்டில், மட்சுஷிடா செய்து கொடுத்த பி.எல்.-5சி மின்கலங்களில் 4.6 கோடி, மின்னேற்றும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று நோக்கியாவே அறிவித்தது. இந்தியாவில் அது பெரும் பீதியாயிற்று. மின்கலத்தைக் கழற்றி எண்ணைச் சரிபார்க்காதவர் அரிது. ஆனால் அந்தச் சோதனையில் நம்பிக்கை உடையவில்லை. பிழையை ஒப்புக்கொண்டு மாற்றித் தர முன்வந்தவரை மக்கள் மன்னிக்கிறார்கள். கணக்குக் காட்டினால் ஓலையில் பெயர் நிற்கும் என்பதற்கு இதுவே சான்று.

நம்பிக்கை உடைந்தது வேறோர் இடத்தில். ஐபோன் வந்தபின் தொடுதிரையில் பின்தங்கியதையே நோக்கியாவின் வீழ்ச்சிக்குக் காரணமாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நகரத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் சிற்றூர் வாடிக்கையாளர் விலகியது ஐபோனைப் பார்த்தல்ல. இரண்டு சிம் அட்டைக்காக. வீட்டில் ஒரு நிறுவனத்தின் அலை கிடைக்கும், வயலில் இன்னொன்றின் அலை. ஒன்றில் உள்வரும் அழைப்புக்கான பழைய எண், மற்றொன்றில் மலிவான பேச்சு. 2009இல் நொடிக்கு ஒரு பைசா என்ற கட்டணம் வந்தபின் அட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவது அன்றாட வேலையாயிற்று. சீனத் தயாரிப்புகளும் மைக்ரோமேக்ஸ் போன்ற இந்திய நிறுவனங்களும் இரட்டை சிம் கருவிகளைக் குறைந்த விலையில் குவித்தன. நோக்கியா தன் முதல் இரட்டை சிம் கருவியான சி1-00ஐ அறிவித்தது 2010இல். அதிலும் இரண்டு அட்டைகளும் ஒருசேர இயங்கா. விசையை அழுத்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும்.

நடுநிசி வரப்பை அறிந்து டார்ச் வைத்த நிறுவனத்துக்கு, அதே உழவரின் பையில் இரண்டாவது சிம் அட்டை இருப்பது ஏன் தெரியாமல் போயிற்று? தொழில்நுட்பம் இல்லாமல் அல்ல. முதலிடத்தில் நெடுங்காலம் இருப்பவருக்கு உற்றுப் பார்க்கும் பழக்கம் தளர்ந்துவிடுகிறது. வாடிக்கையாளர் எங்கே போய்விடுவார் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பழைய வாடிக்கையாளரின் மனக்கசப்பு கருவியின் குறையிலிருந்து பிறந்ததில்லை. முன்பு நம்மைப் பார்த்தவர் இப்போது பார்க்கவில்லையே என்பதிலிருந்து பிறந்தது.

அதே பார்வைக் குறைவு ஆலைக்குள்ளும் இருந்தது என்றே எண்ணுகிறோம். 2010இல் அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் ஓர் இளம் பெண் தொழிலாளி இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். எந்த ஊருக்குப் பெருமையைக் கொண்டுவந்ததோ, அதே பெயர் அந்த ஊர்களில் துக்கத்தோடும் உச்சரிக்கப்பட்டது.

பிறகு நிகழ்ந்தவை விரைவானவை. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட்டோடு கூட்டு; 2012இல் முதலிடம் சாம்சங்கிடம்; 2013 செப்டம்பரில் செல்பேசித் தொழிலையே மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்கும் அறிவிப்பு. இதற்கிடையே மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய தொகையில் வரி பிடிக்கவில்லை என்று வருமான வரித்துறை சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டது. ஏற்றுமதிக் கணக்கை ஏற்காத மாநில அரசு விற்பனை வரியாக 2,400 கோடி ரூபாய் கேட்டது. இரண்டையும் நிறுவனம் மறுத்தது. 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் 3,500 கோடி ரூபாய்க்கான உத்தரவாதத்தை நிபந்தனையாக்கியது. ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் விடுபட்டு நின்றது. பெரும்பாலான தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு பெற்று வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. அடுத்த மாதம் ஃபாக்ஸ்கானும் அங்கே பணியை நிறுத்தியது.

வரி வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமன்று. மத்திய வரித் தகராறு பின்னர் 2018இல் இரு நாடுகளுக்கிடையிலான பேச்சின் வழியே தீர்ந்தது. நாம் கேட்பது வேறு. நிலமும் சலுகையும் தந்து ஆலையை வரவேற்றபோது, எத்தனை பேருக்கு வேலை என்று கணக்கிட்டார்கள். ஒருநாள் அது மூடப்பட்டால் அவர்கள் என்ன ஆவார்கள் என்ற கணக்கை நிறுவனமும் போடவில்லை, வரவேற்ற அரசும் கேட்கவில்லை. 18 வயதில் சேர்ந்தவர்கள் 25 வயதைக் கடந்து வெளியே வந்தபோது, பக்கத்து ஆலைகள் மறுபடியும் 18 வயதினரைத்தான் தேடின.

2016இல் நோக்கியா என்ற பெயரைச் செல்பேசிகளுக்கு இடும் உரிமை எச்.எம்.டி. நிறுவனத்துக்குப் போயிற்று. மறு ஆண்டே பழைய 3310 புதிய உருவில் வெளிவந்தது. அது விற்றது கருவியை மட்டுமல்ல, நம் இளமையின் நினைவையும்தான். மூடிக்கிடந்த ஆலை வளாகத்தை வாங்கிய சால்காம்ப், 2020 முதல் அங்கே இயங்கத் தொடங்கியது. பி.எல்.-5சி மின்கலமோ, எவரெவரோ செய்த சிறு பண்பலை வானொலிகளுக்குள் புகுந்து வாழ்ந்துகொண்டிருக்கிறது. பொருள்கள் தமக்கு வேறு வாழ்க்கையைத் தேடிக்கொள்கின்றன. அவற்றைச் செய்த கைகளுக்கு அது அத்தனை எளிதாக வாய்க்கவில்லை.

கல்வெட்டின் விதி இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அக்குடத்துக்கு வெளியே நின்றவர்களின் வழிவந்தவர்கள்தாம் அந்த ஆலைக்குள் இரவும் பகலும் நின்று வேலை செய்தவர்கள். நமக்கு அடுத்த பெரிய ஆலை வரும்போது, அடுத்த பளபளப்பான பெயர் நம் கைக்கு வரும்போது, கணக்குக் கேட்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.